எண்பத்தேழாவது கேள்வி

ஒரு கண்ணாடிக் குழாயை எவ்வளவு நேரம் விடாமல் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் நீங்கள்? ஐந்து நிமிடம்? பத்து? அதற்குள் போன் அடித்துவிடும், இல்லாவிட்டால் கொட்டாவி வந்துவிடும். பாய்லர்காரர் ஏழு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழாய் ஒரு முழம்கூட இருக்காது. பாய்லருக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று அது காட்டும். பாதிக்கு மேலே நின்றால் கவலையில்லை. பாதிக்குக் கீழே வந்தால் பம்பைப் போட வேண்டும். அடியில் ஒரு சிவப்புக் கோடு இருந்தது. அதற்கும் கீழே போய்விட்டால் உள்ளே இரும்பு வெறும் நெருப்பில் காயும். காய்ந்து சிவந்த இரும்பின் மேல் யாராவது தெரியாத்தனமாகத் தண்ணீரை விட்டால், அறை இருக்காது, சுவர் இருக்காது, சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களும் இருக்க மாட்டார்கள்.

அந்தப் பக்கம் நின்றது அவர் மனைவி.

அது ஒரு லாண்ட்ரி. மூன்று ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள், தலையணை உறைகள், டாக்டர் அங்கிகள் எல்லாம் அங்கேதான் வெளுத்துப் போகும். நாளைக்கு நாலாயிரம் விரிப்பு. காலை ஆறு மணிக்குப் பாய்லர் ஏறினால் மாலை நாலு மணிக்குத்தான் இறங்கும். அந்த ஆவியில்தான் துணி வேகும், அந்த ஆவியில்தான் இஸ்திரி உருளைகள் சுடும். உருளை ஓரம் பன்னிரண்டு பெண்கள் நின்று விரிப்பை இழுத்து மடிப்பார்கள். சுவரை ஒட்டிய கடைசி இடம் அவர் மனைவியுடையது. பதினோரு வருடமாக அதே இடம்.

பாய்லர் அறைக்கு ஒரு கதவு. ஜன்னல் கிடையாது. ஒரு முக்காலி, ஒரு கொக்கி, கொக்கியில் ஒரு துண்டு. முக்காலி எப்போதும் குழாயைப் பார்த்தபடிதான் கிடக்கும். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாலும் ஒரு கண் டப்பாவில், ஒரு கண் குழாயில். கழிப்பறைக்குப் போனால் மூன்று நிமிடம், மனசுக்குள் எண்ணிக்கொண்டே ஓடி வருவார். காய்ச்சல் வந்தாலும் வருவார். மடிக்கிற பெண்கள் கேலி பேசுவார்கள்.

"பாய்லர் அண்ணன் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. அக்காவைக் கூட இப்படிப் பாத்திருக்க மாட்டாரு."

"பாத்திருந்தா நான் ஏன் இங்க வந்து விரிப்பு மடிக்கிறேன்?" என்பாள் மனைவி.

அவருக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது. நான் இல்லாவிட்டால் இது ஓடாது என்று நினைப்பார். நினைப்பு உண்மைதான். ஏன் ஓடாது என்பதைத்தான் யோசித்ததில்லை.

பெருமைக்கு வேட்டு வைத்தது ஒரு கடிதம். அதுவரை அந்தப் பாய்லர் ஒரு வயதான இன்ஜினியரின் பெயரில் ஓடியது. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அவருடைய சான்றிதழ் தொங்கும். மாதம் ஒரு தடவை வருவார், நாளுக்கு ஒரு வரி எழுத வேண்டிய லாக் புத்தகத்தில் முப்பது வரிக்கும் ஒரே பேனாவில் ஒரே மூச்சில் கையெழுத்துப் போடுவார், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போவார். அவர் வேலையை விட்டுவிட்டார். இனிமேல் ஓட்டுகிற ஆள் பெயரிலேயே சான்றிதழ் வேண்டும் என்று இன்சூரன்ஸ்காரர்கள் எழுதிவிட்டார்கள்.

"எழுதிப் பாஸ் பண்ணிடுங்க. உங்களுக்குத் தெரியாததா?" என்றார் மேனேஜர்.

அறுபது கேள்வி. நாற்பத்திரண்டு சரியாக இருக்க வேண்டும். பதினெட்டு வருடம் பாய்லரோடு குடித்தனம் நடத்தியவர் இருபத்தொன்று வாங்கினார்.

மேனேஜர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார். "ஆறு வாரம் கழிச்சு இன்னொரு தடவை இருக்கு. அதுவும் போச்சுன்னா வெளியில இருந்து ஆள் எடுக்கணும். அப்புறம் உங்களை டெலிவரி வண்டிக்குத்தான் அனுப்ப முடியும். மூட்டை தூக்கறது."

"நாப்பத்தொன்பது வயசுல மூட்டையா சார்?"

"அதான் பாஸ் பண்ணுங்கன்றேன்."

வீட்டில் இதற்கு மருந்து வைத்திருந்தவன் மனைவியின் தம்பி. அதே லாண்ட்ரியில் விரிப்பு எண்ணி வண்டியில் ஏற்றுகிற பிரிவில் இருந்தான். அக்கா வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை. எந்தப் பரீட்சைக்கு விண்ணப்பம் வந்தாலும் போடுவான், கைடு வாங்குவான், பாஸ் பண்ணுவான். கம்ப்யூட்டர் வலைப்பின்னல், தீயணைப்பு, கிரேன் பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் சான்றிதழ் வைத்திருந்தான். கிரேனைப் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. எல்லாரும் அவனைக் கைடு என்றே கூப்பிட்டார்கள். அவனும் இந்தப் பரீட்சைக்குப் போட்டிருந்தான்.

ஐநூறு கேள்வி, ஐநூறு பதில். மஞ்சள் அட்டை போட்ட புத்தகம். சாயங்காலம் சாப்பாட்டு மேசையைத் துடைத்ததும் கைடு உட்கார்ந்துவிடுவான்.

"மாமா, முப்பத்திரெண்டு. பாய்லர் தண்ணியில நுரை கட்டுது. மொதல்ல என்ன செய்வீங்க?"

"குழாயில கை வெச்சுப் பாப்பேன்."

"அப்படி ஒரு ஆப்ஷன் இல்ல."

"ஏன் இல்ல? நான் பதினெட்டு வருஷமா அதைத்தானே செய்யறேன்."

"கையைக் கம்ப்யூட்டர்ல எங்க வெப்பீங்க? அ, ஆ, இ, ஈ. நாலுல ஒண்ணு சொல்லுங்க."

"நாலுமே தப்பு."

"நாலுமே தப்புன்னு சொல்லித்தான் போன தடவை கோட்டை விட்டீங்க."

உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி சிரித்தாள். பாய்லர்காரருக்குச் சுருக்கென்று பட்டது.

"ஏன்டா மாப்ள, உனக்கு ஐநூறு பதில் தெரியுதே, நம்ம பாய்லர்ல பம்பு எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியுமா?"

"நாப்பத்தொண்ணாம் பக்கம்," என்றான் கைடு.

இந்தத் தடவை அவரும் சிரித்துவிட்டார். கைடு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டான்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. இந்தப் புக்குல ஒரு ஆள் இருக்கான். அவனும் பாய்லர் ஓட்டறவன்தான். ஆனா அவன்கிட்ட எல்லாச் சாமானும் இருக்கும். அவன் பாய்லர்ல எதையும் கயிறு கட்டி வெச்சிருக்க மாட்டாங்க. ஏதாச்சும் கெட்டுச்சுன்னா நிறுத்திடுவான், எழுதிக் குடுப்பான், புதுசு வரும். நீங்க உங்க பாய்லரை மறந்துட்டு, அவன் என்ன செய்வான்னு மட்டும் சொல்லுங்க. பாஸ்."

"அவனுக்கு லீவு உண்டா?"

"உண்டு மாமா. அவன் லீவு போட்டா இன்னொருத்தன் வருவான். அவனும் சர்டிபிகேட் வெச்சிருப்பான்."

"குடுத்து வெச்சவன்," என்றார் பாய்லர்காரர்.

அவருக்கு லீவு வேண்டியிருந்தது. மகள் ரயிலில் ஒன்றரை நாள் தூரத்தில் இருந்தாள். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து இரண்டு மாதம். மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அவர் போனில் பார்த்தார், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. கைடு சொன்ன ஆளைப் போல் அவரும் சான்றிதழ் வாங்கி, கைடும் வாங்கிவிட்டால், அவன் பாய்லரைப் பார்த்துக்கொள்வான், அவர் ஒரு வாரம் போய் வரலாம். இதுதான் கணக்கு. இதைச் சொல்லித்தான் மனைவி அவரைப் படிக்க உட்கார வைத்தாள்.

புத்தகத்து ஆளைப் பிடித்துக்கொண்டதும் பதில் வர ஆரம்பித்தது. நாற்பது, ஐம்பது, எழுபது என்று ஓடியது. நான்காவது நாள் எண்பத்தேழு வந்தது.

"தண்ணி கொறைஞ்சா பர்னரைத் தானா நிறுத்தற ஸ்விட்ச் இருக்குல்ல. அதை யாரோ வயர் போட்டுச் செயலிழக்க வெச்சிருக்காங்க. நீங்க அதைப் பாக்கறீங்க. என்ன செய்வீங்க? அ, கண்ணாடிக் குழாயை விடாம கண்காணிப்பேன். ஆ, அடுத்த ஷிப்ட் ஆள்கிட்ட சொல்லுவேன். இ, அடிக்கடி பம்பு போடுவேன். ஈ, பர்னரை அணைச்சு, ஸ்விட்ச் சரியாகற வரைக்கும் பாய்லரை ஓட்ட மாட்டேன்."

"அ," என்றார்.

"தப்பு. ஈ. இது ஈஸி மாமா, இதுக்குப் போய் முழிக்கறீங்க? ஸ்டார் போட்ட கேள்வி, கண்டிப்பா வரும்." பக்கத்தைப் புரட்டிக்கொண்டே சொன்னான். "அதுல வயர் போடறவன்லாம் ஒருத்தன் இருப்பானா? லூசுப்பய."

பாய்லர்காரர் தண்ணீர்ச் செம்பை எடுத்துக் குடித்தார்.

லூசுப்பய அவர்தான். ஏழு வருடத்துக்கு முன்னால் அந்த ஸ்விட்ச் பைத்தியம் பிடித்ததுபோல் ஆடியது. தண்ணீர் நிறைய இருக்கும்போதே பர்னரை அணைத்துவிடும். ஒரு நாளைக்கு இருபது தடவை. ஆஸ்பத்திரியிலிருந்து விரிப்பு கேட்டுக் கத்துகிறார்கள். புது ஸ்விட்ச் வர மூன்று வாரம் என்றார் அப்போதிருந்த மேனேஜர். அதுவரை சமாளியுங்கள் என்றார். அவர் பேனல் பெட்டியைத் திறந்து இரண்டு முனைகளுக்கு நடுவில் ஒரு விரல் நீளச் சிவப்பு வயரைப் போட்டார். பர்னர் நின்று எரிந்தது. எல்லாரும் கைராசிக்காரர் என்றார்கள். ஸ்விட்ச் வரவில்லை. அந்த மேனேஜர் போனார், இந்த மேனேஜர் வந்தார். வயர் அப்படியே இருந்தது. ஸ்விட்ச் செய்ய வேண்டிய வேலையை அவர் கண் செய்தது.

அதனால்தான் முக்காலி. அதனால்தான் மூன்று நிமிடம். அதனால்தான் பேத்தியைப் போனில் பார்த்தது. அவர்தான் பாய்லரை ஓட்டுகிறார் என்று இத்தனை நாள் நினைத்தார். அந்த ஒரு விரல் வயர் அவரை அந்த அறைக்குள் கட்டிப் போட்டிருந்தது. கட்டியதும் அவர் கைதான்.

"மாமா, எண்பத்தெட்டு."

"படி," என்றார்.

பரீட்சை ஹாலில் எண்பத்தேழு வந்தது, முப்பத்தொன்பதாவது கேள்வியாக. மவுஸ் அம்பு தானாக 'அ'வுக்குப் போனது. புத்தகத்து ஆளை நினைத்துக்கொண்டு 'ஈ'யை அழுத்தினார். அறுபதுக்கு ஐம்பத்தொன்று. கைடு அறுபதுக்கு அறுபது.

லாண்ட்ரியில் இனிப்பு கொடுத்தார்கள். மேனேஜரே ஆணி அடித்து, பழைய இன்ஜினியரின் சட்டத்தில் அவருடைய சான்றிதழை மாட்டினார். முக்காலியில் உட்கார்ந்தால் குழாய்க்கு மேலே தன் போட்டோ தன்னையே பார்ப்பது தெரிந்தது. லாக் புத்தகத்தில் இனி அவர்தான் கையெழுத்து. கடைசிக் கட்டத்தின் தலைப்பு: பாதுகாப்பு ஸ்விட்ச் சோதிக்கப்பட்டது, சரியாக உள்ளது. கீழே பெயர், சான்றிதழ் எண்.

முதல் நாள் போட்டார். இரண்டாம் நாள் போட்டார். பழைய இன்ஜினியர் முப்பது வரியை ஏன் ஒரே மூச்சில் போட்டார் என்று மூன்றாம் நாள் புரிந்தது.

லீவும் கிடைத்தது. எட்டு நாள். ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று. கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால் கைடை அறைக்கு அனுப்பினார்கள், கூட நின்று பழகிக்கொள்ள. சலவைச் சட்டையும் மஞ்சள் புத்தகமுமாக வந்தான். அறையைச் சுற்றிப் பார்த்தான்.

"என்ன மாமா இது, குக்கர்ல உக்காந்த மாதிரி இருக்கு. எப்படி இருந்தீங்க இத்தனை வருஷம்?"

"பழகிடும். இந்தக் குழாயை மட்டும் விடாம பாரு. போன் பாக்காத. வெளிய போகாத. மூணு நிமிஷம், அதுக்கு மேல போகாத."

"எதுக்கு? தண்ணி கொறைஞ்சா ஸ்விட்ச் நிறுத்திடுமே."

சாதாரணமாகத்தான் சொன்னான். புத்தகத்து ஆள் சட்டை போட்டுக்கொண்டு எதிரில் நின்றான். ஸ்விட்ச் இருக்கிறது என்று நம்பி, போனைப் பார்த்துக்கொண்டு, வாசலில் நின்று டீ குடிப்பான். தண்ணீர் சிவப்புக் கோட்டுக்குக் கீழே போகும். திரும்பி வந்து பார்த்துப் பதறிப் பம்பைப் போடுவான். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் அக்கா விரிப்பு மடித்துக்கொண்டிருப்பாள்.

"சோதனை எப்ப செய்வீங்க மாமா? வாரத்துக்கு ஒண்ணு செய்யணுமே. ஸ்விட்ச் இருக்கற மிதவை டப்பாவோட வடிகால் வால்வைத் திறந்தா, தண்ணி கொறைஞ்சதா நெனச்சுப் பத்து எண்றதுக்குள்ள பர்னர் நிக்கணும். நூத்தி நாலு."

அவர் வாயைத் திறப்பதற்குள் கைடு குனிந்து வால்வைத் திறந்துவிட்டான். வாளியில் வெந்நீர் பாய்ந்தது. ஒண்ணு, ரெண்டு என்று உரக்க எண்ணினான். பத்து வந்தது. பர்னர் இரைந்துகொண்டே எரிந்தது. பதினைந்து. இருபது. கைடின் முகம் சுண்டிவிட்டது.

"நான்தான் வேற வால்வைத் திறந்துட்டேனா மாமா?"

"ஆமா," என்றார் பாய்லர்காரர். "அது வேற."

கைடு வால்வை மூடினான். புத்தகத்தைப் பிரித்து நாற்பத்தொன்றாம் பக்கத்துப் படத்தையும் பாய்லரையும் மாறி மாறிப் பார்த்தான். படம் சரியாக இருந்தது, வால்வும் சரியாக இருந்தது. ஆனாலும் தலையை ஆட்டிக்கொண்டான். "எனக்குக் கை வேலை வராது மாமா. எல்லாரும் சிரிக்கறது சரிதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டான். வியர்வையாக இருக்கலாம்.

அதைப் பார்த்துக்கொண்டு இருக்க அவரால் முடியவில்லை. எழுந்து பேனல் பெட்டியின் கதவைத் திறந்தார். விரலை நீட்டினார். தூசி படிந்து, சிவப்பு வயர் பழுப்பாகியிருந்தது.

கைடு குனிந்து பார்த்தான்.

"இதுதான் எண்பத்தேழா?"

"இதுதான்."

"எவன் போட்டது?"

"லூசுப்பய."

கைடு சிரிக்கவில்லை. "அப்ப இத்தனை வருஷம் நீங்க... குழாயை..." என்று இழுத்தான். பிறகு சுவரைப் பார்த்தான். உருளை ஓடுகிற சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. "அக்கா அங்கதானே நிக்குது?"

இருவருமாக மேனேஜரிடம் போனார்கள். பாய்லரை அணைத்துவிட்டுத்தான் போனார் அவர். அவர் சொல்லச் சொல்ல மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இப்ப ஏன் இதைச் சொல்றீங்க? ஏழு வருஷம் ஒண்ணும் ஆகலையே. உங்க கண்ணு இருக்கறப்ப அந்த டப்பா எதுக்கு?"

"கையெழுத்து இப்ப என்னுது சார்."

"போட்ட வயரும் உங்களுதுதானே? நான் போடச் சொன்னேனா? வெளிய சொன்னா யார் மேல வரும், யோசிச்சீங்களா?" குரலைத் தாழ்த்தினார். "ஸ்விட்ச்சுக்கு எழுதிப் போடறேன். மூணு வாரத்துல வரும். அதுவரைக்கும் லீவைத் தள்ளி வெச்சுக்குங்க. எப்பவும் போல பாத்துக்குங்க. போய் ஏத்துங்க, ஆஸ்பத்திரி வண்டி வர நேரமாச்சு."

மூன்று வாரம். அதே வார்த்தை. பாய்லர்காரர் திரும்பி வந்து பர்னரைப் போட்டார். கைடை வண்டிப் பிரிவுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாலு மணி வரை முக்காலியில் உட்கார்ந்து குழாயைப் பார்த்தார். குழாய்க்கு மேலே அவர் போட்டோ அவரைப் பார்த்தது. லாக் புத்தகத்தில் கடைசிக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டார்.

சாயங்காலம் மனைவி பெட்டியில் குழந்தைச் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். லீவு தள்ளிப் போன விஷயம் அவளுக்கு இன்னும் தெரியாது. அவர் வாசற்படியிலேயே நின்றார்.

"நாளையிலேர்ந்து நீ சுவரோரம் நிக்காத. அந்தக் கோடியில, கதவுப் பக்கம் போய் நில்லு."

"ஏன்? அந்த இடம் என்ன பண்ணிச்சு?"

"சும்மாதான் சொல்றேன். சூடு."

"பதினோரு வருஷமா இல்லாத சூடா?" அவள் சட்டையை மடித்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள். மடிப்பதை நிறுத்தினாள். "ஏங்க, என்ன?"

சொன்னார். மென்று முழுங்கித்தான் சொன்னார். மூலையில் உட்கார்ந்திருந்த கைடு புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

அவள் கத்துவாள் என்று நினைத்தார். கத்தவில்லை.

"நான் கதவுப் பக்கம் போனா, சுவரோரம் யார் நிப்பா?"

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"உருளைக்குப் பன்னிரண்டு பேர் வேணும். என் இடத்துல யாரையாச்சும் நிக்க வெக்கணும். புதுசா வந்திருக்கே ஒரு பொண்ணு, அதை நிக்க வெப்பாங்க. அதுகிட்ட நான் என்னன்னு சொல்லட்டும்? இங்க நில்லும்மா, எனக்குச் சூடா இருக்குன்னா?"

"மூணு வாரம்தான்னு சொல்றாரு."

"நீங்க எனக்குச் சொன்னதும் அதானே. அந்த வருஷம் பொண்ணு பள்ளிக்கூட ஆண்டு விழா. மூணு வாரம் கழிச்சு எல்லாத்துக்கும் வரேன்னீங்க." அவள் பெட்டியை மூடினாள். பூட்டவில்லை. "வேலை போனா போகுதுங்க. மூட்டை தூக்கினாலும் தூக்குங்க. நானும் தூக்கறேன்."

கைடு மெதுவாகக் கேட்டான். "மாமா, புக்குல இருக்கறவன் நாளைக்கு என்ன செய்வான்?"

"உனக்குத் தெரியாதா?"

"தெரியும். நீங்க சொல்லுங்க."

"ஈ," என்றார் பாய்லர்காரர்.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு அவர் பேனலைத் திறந்து சிவப்பு வயரைக் கழற்றினார். ஆறு மணிக்குப் பர்னரைப் போட்டார். ஏழே நிமிடத்தில் ஸ்விட்ச் அதை அணைத்தது. மறுபடி போடவில்லை. ஸ்விட்ச் பழுது, ஏழு வருடமாக வயர் போட்டு ஓட்டியிருக்கிறேன், சரியாகும் வரை ஓட்ட மாட்டேன் என்று லாக் புத்தகத்தில் எழுதி, பெயரும் சான்றிதழ் எண்ணும் போட்டார். எட்டு மணிக்கு மேனேஜர் வந்து அவரை வாசல் கேட்டுக்கு வெளியே நிற்கச் சொன்னார். கைடைக் கூப்பிட்டு வயரைத் திரும்பப் போடச் சொன்னார். கைடு, "எனக்குப் போடத் தெரியாது சார், கைடுல இல்ல," என்றான். அவனையும் வெளியே அனுப்பினார். பன்னிரண்டு பெண்கள் காயாத ஈர விரிப்புகளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பதரை மணிக்கு ஆஸ்பத்திரி வண்டி வந்து, காலியாகத் திரும்பிப் போனது.